அக்கா இடித்த அறை

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், கம்பெனித் தோழிகளுக்கும், எங்கள் தெருவாருக்கும், பின்தெருவாருக்கும் என் வணக்கம்.

அக்கா எங்களை விட்டுப் போய் ஓர் ஆண்டு ஆகிறது. ஆண்டு நினைவுக்கு மலர் போட வேண்டும் என்று சொன்னவர் அண்ணன். எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். நான் படித்தவள், பள்ளியில் பாடம் எடுத்தவள் என்பது காரணம். முதலில் எல்லா மலர்களிலும் இருப்பதுபோல அக்காவைப் பொறுமையின் சிகரம், சாந்தமே வடிவானவர் என்று எழுதினேன். படித்துப் பார்த்தபோது அது வேறு யாரோ ஒரு பெண்மணியைப் பற்றியதாக இருந்தது. அக்காவிடம் அன்பு இருந்தது. பொறுமை இருந்ததாக எனக்கு நினைவில்லை. அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். இதை எழுதுவதில் சிலருக்கு வருத்தம் வரலாம் என்று பலமுறை யோசித்தேன். யோசித்த பிறகும் எழுதத்தான் வேண்டும் என்று தோன்றியது.

அக்கா பிறந்தது ஆம்பூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் நடுவே, நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் ஊரில். அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்தார். அம்மா கழனி வேலைக்குப் போனார். அக்கா மூத்தவர், அடுத்து அண்ணன், கடைசியில் நான். நான் ஆரம்பப் பள்ளியில் படிக்கும்போது அம்மா காலமானார். அக்கா பத்தாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டு ஷூ கம்பெனியில் சேர்ந்தார். காலையில் கம்பெனி வேன் வந்து ரோட்டில் நிற்கும். அதற்குள் சோறு வடித்து, எனக்குப் பின்னல் போட்டு, அண்ணனை எழுப்பிவிட்டு ஓடுவார். ஷூவின் மேல்பாகம் தைக்கும் பிரிவில் சேர்ந்தவர், பிறகு அந்த வரிசைக்கே மேற்பார்வையாளர் ஆனார். என்னைப் பட்டம் வரை படிக்கவைத்தது அந்தத் தையல் மெஷின்தான்.

நான் வளர்ந்த காலத்தில் பாலாறு என்பது மணல். ஆற்றில் தண்ணீர் போனதை அப்பா தம் சிறுவயதில் பார்த்ததாகச் சொல்வார். போர்வெல் தண்ணீரைப் பாத்திரத்தில் வைத்தால் வெள்ளையாக ஏடு படியும், வாயில் வைத்தால் உப்பு. குடிக்க லாரித் தண்ணீர்தான். லாரி வரும் நாளில் தெருவில் நடக்காத சண்டை இல்லை. கைவலிமை உள்ளவர்கள் வீட்டில் டிரம் நிரம்பும், பின்தெருக்காரர்களுக்கு அடியில் கலங்கியது மிஞ்சும். ஒருநாள் அக்கா லாரியின் பின்குழாய்க்கு முன்னால் போய் நின்றுகொண்டார். எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு, கைக்குழந்தை உள்ள வீடு முதலில், டிரம் கொண்டுவந்தவர்கள் கடைசியில் என்றார். திட்டினார்கள், குடத்தால் இடித்தார்கள். அவர் நகரவில்லை. அதற்குப் பிறகு தெருவில் அவருக்கு ‘ரேஷன்காரி’ என்று பெயர் வந்தது. கேலிக்கு வைத்த பெயர். அக்கா அதற்குத் திரும்பிப் பார்த்து, “இன்னா, உன் குடம் வந்துச்சா?” என்று கேட்பார்.

அக்காவைத் திமிரி என்ற ஊரில் கட்டிக் கொடுத்தோம். சில வருடங்களில் திரும்பி வந்துவிட்டார். மலரில் இதை எழுத வேண்டாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அக்கா இதை மறைத்து வாழவில்லை. வேனில் ஏறும்போது எவர் என்ன கேட்டாலும் “ஒத்து வர்ல, வந்துட்டேன்” என்பார், அவ்வளவுதான். அவர் மறைக்காததை அவருடைய நினைவு மலரில் நான் மறைக்கப் போவதில்லை. அவரை வாழாவெட்டி என்று சொன்னவர்கள் வீட்டுக்கும் இந்த மலர் வரும். படிக்கட்டும்.

இனி எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளியூர் உறவினர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

ஊருக்கு மேற்கே பெரிய ஏரி இருக்கிறது. ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக உபரித் தண்ணீர் வெளியேறும். எங்கள் பக்கத்தில் அதைக் கோடி போகிறது என்பார்கள். அந்தத் தண்ணீர் ஓடையாக இறங்கி, பின்தெருவைச் சுற்றி வந்து, எங்கள் வீட்டுக்கும் பக்கத்து பாயின் மரக்கடைக்கும் நடுவில் இருக்கும் சந்தில் நுழைந்து, ரோட்டைத் தாண்டிப் பாலாற்றில் சேர வேண்டும். அந்தச் சந்து அப்பா வாங்கிய மனைக்குள் இருக்கிறது. மனை மலிவாகக் கிடைத்ததற்கு அதுவே காரணம். ஆனால் என் வயதுக்கு அந்தச் சந்தில் தண்ணீர் ஓடி நான் பார்த்ததில்லை. ஏரிக்குள் சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தது, நடுவில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். ரோட்டோர வரிசையில் மற்றவர்கள் ஓடையின் கிளைகளை ஒவ்வொன்றாக மூடிக் கடையும் வீடும் கட்டிவிட்டார்கள். எவரும் யாரையும் ஏமாற்றவில்லை. தண்ணீரே வராத இடத்தை எத்தனை நாள்தான் ஓடை என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள்? கடைசியில் திறந்திருந்தது எங்கள் சந்து ஒன்றுதான்.

அதையும் அக்கா மூடினார். எனக்காக மூடினார்.

எனக்குத் திருமணம் ஆகி, என் கணவரின் ரயில்வே வேலைக்காக அரக்கோணத்தில் இருந்தோம். நான் உண்டானபோது, தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது முறை. அம்மாவும் இல்லை, அப்பாவும் போய்விட்டார். திரும்பி வந்த பெண் வளையல் அடுக்கிப் பிரசவம் பார்த்து அனுப்புவது சரியா என்று சில உறவினர்கள் கேட்டார்கள். அக்கா மேஸ்திரிக்குச் சொல்லி அனுப்பினார். சந்தில் ஓர் அறை கட்ட ஆரம்பித்துவிட்டார். ஹாலோ பிளாக் சுவர், மேலே ஷீட்டு, உள்ளேயே குளியலறை, தூளி கட்ட ஓர் இரும்புக் குழாய். அஸ்திவாரம் பறிக்கும்போது மேஸ்திரி கேட்டிருக்கிறார், தண்ணி வந்தா என்னம்மா பண்ணுவே என்று.

“வரட்டும் மேஸ்திரி. கால்ல வுழுந்து கும்புடறேன்.”

இது திமிர் இல்லை. லாரிக்குக் குடம் தூக்கி வளர்ந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான் பேசுவோம். தண்ணீர் வேண்டும் என்று மட்டுமே கேட்கத் தெரிந்த எங்களுக்கு, அது வந்தால் எங்கே போகும் என்று கேட்கத் தோன்றவில்லை.

ஐப்பசியில் என் மகள் பிறந்தாள். அந்த அறையில்தான் தூளி ஆடியது. அவள் பிறந்து சில வாரங்களில் மழை பிடித்தது. விடாமல் பெய்தது. மலைப் பக்கத்திலிருந்து கால்வாய்களில் தண்ணீர் இறங்கி ஏரி நிறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் காலை, கோடி போகிறது என்று ஊரே ஏரிக்கரைக்கு ஓடியது. பட்டாசு வெடித்தார்கள், கிடா வெட்டினார்கள், கலங்கல் மேல் மஞ்சளும் குங்குமமும் பூவும் கொட்டினார்கள். கங்கம்மா வந்துவிட்டாள் என்று வயதானவர்கள் அழுதார்கள். அக்காவும் கம்பெனிக்குப் போகாமல், பித்தளைத் தட்டில் தேங்காய், வெற்றிலை, மஞ்சள், குங்குமம் வைத்துக்கொண்டு தோழிகளோடு போனார். நான் பிள்ளையோடு வீட்டில் இருந்தேன்.

எனக்கு எதற்கும் பயம் வரும். பிள்ளை பிறந்த பிறகு அது இரண்டு மடங்கானது. அன்று அறையின் பின்சுவரில் ஈரம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் மழை ஈரம் என்று நினைத்தேன். பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது, பெரிய அண்டாவில் தண்ணீர் தளும்புவதுபோல. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பின்தெரு முழுவதும் செம்மண் தண்ணீர். கோடியிலிருந்து இறங்கிய தண்ணீர் பழைய வழியைத் தேடி வந்து, ரோட்டோர வரிசைக் கட்டடங்களில் மோதி, போக இடம் இல்லாமல் பின்தெருவில் ஏறிக்கொண்டிருந்தது. ஊர் மக்கள் பாதிப்பேர் தண்ணீருக்குப் பூப்போட ஏரிக்கரையில் நின்றார்கள். அந்தத் தண்ணீர் அவர்கள் வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது.

ஏரிக்கரையில் அக்கா என்ன நினைத்தாரோ, தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓடை வழியே தண்ணீரோடு சேர்ந்து நடக்க ஆரம்பித்திருக்கிறார். கோடியில் போட்ட பூ மிதந்து போகிறது, அது எங்கே போகிறது பார்ப்போம் என்று தோழிகளிடம் சொன்னாராம். பின்தெரு முனையில் இடுப்பளவு தண்ணீர். பூவெல்லாம் எங்கள் அறையின் பின்சுவரில் போய் ஒதுங்கி நின்றது. அக்கா சுற்றிக்கொண்டு ரோட்டுப் பக்கமாக வந்து, எங்கள் வாசல்படியில் தட்டை வைத்தார். 

“தட்டு நம்ம வாசல்லதான் வந்து நின்னுச்சு,” என்றார்.

பின்தெருவில் அக்காவோடு கம்பெனியில் வேலை செய்யும் ஜெயசீலி அக்காவின் வீடு இருக்கிறது. அவருடைய மாமனார் எழுந்து நடக்க முடியாதவர். கட்டில் காலில் தண்ணீர் ஏறிவிட்டது என்று ஜெயசீலி அக்கா போன் செய்தார். ஓட்டின் மேல் பிள்ளைகளை ஏற்றி உட்காரவைத்திருந்தார்கள். அரசு அலுவலகங்களுக்குச் சொன்னோம். ஜேசிபி வரும் என்றார்கள். அது வரும் வழியும் தண்ணீரில் இருந்தது.

அக்கா பாயின் மரக்கடைக்குப் போய் கடப்பாரை கேட்டார். பாய் நல்ல மனிதர், எதிலும் ஒரு கேலி இருக்கும். “எல்லாரும் வூடு கட்டறதுக்கு என்னாண்ட கடப்பார கேப்பாங்க. நீ ஒருத்திதான்மா இடிக்கறதுக்குக் கேக்கற,” என்றார். ஆனால் சொல்லிக்கொண்டே தம் கடை ஆட்களைக் கூப்பிட்டு, கயிறும் ஏணியும் எடுக்கச் சொல்லிவிட்டார்.

அந்த நேரத்தில் அண்ணன் வந்தார். அண்ணன் வேலூரில் கட்டட வேலைகளை மேற்பார்வை செய்பவர். மழை என்று எங்களைப் பார்க்க வந்திருந்தார். அக்கா கடப்பாரையோடு நிற்பதைப் பார்த்து அவருக்குப் புரிந்துவிட்டது.

“இன்னாக்கா, பைத்தியமா உனக்கு? ஊர்ல எல்லாந்தான் மூடிகினு கீறாங்க. நாம மட்டும் எதுக்கு இடிக்கணும்?”

“அவங்க மூடனத அவங்க பாத்துக்கட்டும். இது நான் கட்டனது. நீ ஓரமா நில்லு.”

“கைப்புள்ள இருக்குது வூட்ல.”

“ஜெயசீலி வூட்லயும் இருக்குது.”

பிறகு என்னிடம் திரும்பினார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாய் வீட்டு மாடிக்குப் போகச் சொன்னார். குரலில் கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. தூளியை அவரே அவிழ்த்து மடித்து என் தோளில் போட்டார். நான் மாடியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தேன். பாய் வீட்டம்மா எனக்குச் சூடாகப் பால் கொடுத்துவிட்டு, என் மகளைத் தம் மடியில் வைத்துக்கொண்டார்.

முதலில் அறையிலிருந்து வீட்டுக்குள் வரும் கதவைச் சாத்தி மூட்டைகளை அடுக்கினார்கள். பிறகு ரோட்டுப் பக்கச் சுவரை முழுவதும் தள்ளினார்கள். ஷீட்டுகளைக் கழற்றினார்கள். பின்சுவரை ஒரே அடியாக இடித்தால் தண்ணீர் ஆளை அடித்துக்கொண்டு போய்விடும். பாயின் ஆட்கள் கடைச் சுவர்மேல் நின்றுகொண்டு மேலிருந்து ஒவ்வொரு வரிசையாகக் கல்லைப் பெயர்த்தார்கள். அக்கா எங்கள் வீட்டுப் பக்கமிருந்து பெயர்த்தார். கல் வரிசை இறங்க இறங்க, தண்ணீர் சுவர்மேல் வழிந்து அறைக்குள் விழுந்து, ரோட்டைக் கடந்து ஓடியது. ஏரிக் கலங்கலைப் போலவே இருந்தது. கொஞ்ச நேரத்தில் மிச்சச் சுவரைத் தண்ணீரே தள்ளிக்கொண்டு போனது. அக்கா ஆசையாகப் போட்ட பூப்போட்ட டைல்ஸ், நான் பிரசவித்துப் படுத்திருந்த கட்டில், எல்லாம் போயின. பின்தெருவில் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. ஜெயசீலி அக்காவின் மாமனாரை நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். எங்கள் வீட்டைக் கடக்கும்போது அவர், வாசலில் நின்றிருந்த அக்காவைப் பார்த்துக் கைகூப்பினார். அக்கா அதைப் பார்க்கவில்லை, மூட்டையில் கசிந்த தண்ணீரைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தார்.

அறையிலிருந்து முழுதாக மிஞ்சியது அந்த இரும்புக் குழாய் மட்டும்தான்.

அதன் பிறகு வந்த பேச்சை எழுதாவிட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். சொந்த வீட்டை இடித்தவள் உருப்படுவாளா என்றார்கள். பிள்ளை பிறந்த அறையை இடித்தது அபசகுனம் என்றார்கள். வந்த கங்கம்மாவைக் கடப்பாரையால் வரவேற்றவள் என்றும் ஒருவர் சொன்னார். தண்ணீர் வடிந்ததும் திரும்பக் கட்டிவிடு, இனி இன்னொரு தலைமுறைக்கு இப்படி மழை வராது என்று அண்ணன் சொன்னார். அக்கா கட்டவில்லை. கம்பெனியில் அவர் புதுப்பெண்களுக்குச் சொல்லும் ஒன்றை அண்ணனிடமும் சொன்னார்: துணி என்றால் பிரித்துத் தைக்கலாம், தோலில் ஊசி இறங்கிய ஓட்டை மூடாது. ஒருதடவை தப்பு என்று தெரிந்த இடத்தில் மறுபடி ஊசியை வைக்க மாட்டேன் என்றார்.

அடுத்த ஆடியில் அக்கா ஒரு புது வழக்கத்தை ஆரம்பித்தார். கோடி போகும் நாளில் மட்டும் தட்டு எடுத்தால் போதாது, மழைக்கு முன்பே, ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தட்டு எடுக்க வேண்டும் என்றார். பெண்கள் எல்லோரும் கலங்கலில் தேங்காய் உடைத்து, அங்கிருந்து தண்ணீர் போகும் வழியிலேயே பாலாறு வரை நடப்பது. வழியில் எங்கே சுவரோ, குப்பையோ, மண்மேடோ தடுக்கிறதோ, சுற்றிக்கொண்டு போகக் கூடாது. அந்த வீட்டு வாசலில் தட்டை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும். யாரையும் திட்டக் கூடாது. வழி கிடைத்த பிறகுதான் தட்டு எழும்பும்.

முதல் வருடம் தட்டு எங்கள் சந்தைத் தாண்டி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய மனிதரின் லாரி ஷெட்டில் நின்றது. ஓடையின் குறுக்கே மண்ணடித்து ஷெட் போட்டிருந்தார். அவர் வெளியே வந்து, இன்னாம்மா தட்டை வெச்சுட்டு ஒக்காந்துகினு கீறீங்க என்று கேட்டார்.

“தட்டு நின்னுடுச்சுங்க,” என்றார் அக்கா.

“யாரு நிறுத்தனது?”

“நீங்கதான்.”

அவர் கோபப்பட்டார். போலீஸை வரச்சொல்வேன் என்றார். பெண்கள் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்தார்கள். மஞ்சள் குங்குமத் தட்டு வாசலில் இருக்க, அதைத் தாண்டிப் போக அவர் வீட்டுப் பெண்களுக்கே மனம் வரவில்லை. அவருடைய அம்மா உள்ளேயிருந்து வந்து தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மகனை ஒரு பார்வை பார்த்தார். மாலைக்குள் அவருடைய சொந்த ஜேசிபியே மண்ணை அள்ளியது. போகும்போது அவர் அக்காவிடம், ரொம்ப பேஜார் புடிச்ச பொம்பளம்மா நீ என்றார். அக்கா அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு கம்பெனி முழுக்கச் சொல்லிவிட்டார்.

ஜெயசீலி அக்கா கிறிஸ்தவர். தட்டோடு நடப்பதில் உனக்கு ஒன்றும் இல்லையா என்று அவருடைய உறவினர்கள் கேட்டபோது, “தட்டு கங்கம்மாவுக்கு. வூட்டுக்குள்ள தண்ணி வந்தது எனக்கு,” என்றாராம்.

அடுத்து வந்தது வறண்ட வருடம். ஏரியில் மறுபடி தரை தெரிந்தது. தண்ணீர் இல்லாத ஓடைக்குத் தட்டு எடுக்கிறார்கள் என்று டீக்கடையில் சிரித்தார்கள். அக்கா எடுத்தார். மழை வந்தப்பறம் வழி கேட்டா அது நின்னு கேக்காது என்றார். அந்தக் கோடையில்தான், சந்தின் ஓரத்தில் ஆழமான குழி எடுத்து, இடித்த அறையின் கல்லும் டைல்ஸ் உடைசலும் கூழாங்கல்லும் போட்டார். மழைத் தண்ணீர் ஓடும்போது கொஞ்சம் நின்று உள்ளே இறங்கட்டும் என்று. தூளிக் குழாயைச் சந்தின் முகப்பில் இடுப்பளவு உயரத்தில் குறுக்கே பதித்தார். தண்ணீர் அதன் அடியில் போகும், மரக்கடைக்கு வருகிறவர்களின் வண்டி உள்ளே வராது. பின்தெருக் கைப்பம்பில் அதற்குப் பிறகு தண்ணீர் சற்று கூடுதலாக வருகிறது. அந்தக் குழியால்தானா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அக்கா உறுதியாகச் சொன்னார்.

பிறகு அவருக்குச் சிறுநீரகம் பழுதானது. நான் மகளோடு ஊருக்கே வந்து தங்கிவிட்டேன். வேலூரில் மருத்துவமனைக்கு அழைத்துப் போவதும் வருவதுமாக நாட்கள் கழிந்தன. கால் வீங்கியது, மூச்சு வாங்கியது. ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் குடிக்க வேண்டும் என்று அளவு வைத்தார்கள். வெயில் காலத்தில் அந்த டம்ளரை நான்தான் அளந்து கொடுத்தேன். கொடுக்கும்போதெல்லாம் என் கை கூசும். அதைப் பார்த்து அவரே சிரித்தார். “ஊருக்கே நான் அளவு வெச்சேன். இப்ப எனக்கு வெக்கிறாங்க. ரேஷன்காரிக்கே ரேஷன்,” என்றார்.

அப்பா அக்காவுக்கு விட்டுப்போன வீட்டை அவர் என் பெயருக்கு எழுதி வைத்ததும் அப்போதுதான். அண்ணனுக்கு வேலூரில் வீடு இருக்கிறது, அதனால் என்று நான் நினைத்தேன். ஆனால் எனக்குப் பயம். எனக்கு எதையும் முடிவெடுக்கத் தெரியாது, சந்தை யாராவது மூட வந்தால் என்னால் எதிர்த்துப் பேச முடியாது, அண்ணன் பெயருக்கே எழுது என்றேன். அக்கா தலையணையில் சாய்ந்தபடி மெதுவாகச் சொன்னார்.

“அவன் தைரியசாலி. தைரியசாலிங்க கட்டிடுவாங்க, ஒண்ணும் ஆவாதுன்னு. நீ பயந்தாங்கொள்ளி. பயப்படறவதான் வழி வுட்டு வெப்பா.”

என் வாழ்க்கையில் என் பயத்தைப் பற்றி ஒருவர் மரியாதையாகப் பேசியது அன்றுதான். போன ஆனியில் ஒரு காலைப்பொழுதில் அக்கா அமைதியாகப் போனார். அந்த ஒரு முறைதான் அவர் எதற்கும் சண்டை போடாமல் போனது.

இப்போது இந்த மலரைப் படிக்கும் உங்கள் எல்லோரிடமும் நான் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன்.

ஆண்டு நினைவு முடிந்ததும் அந்தச் சந்தில் அக்காவின் பெயரில் ஒரு சிறிய நினைவு மண்டபம் கட்டுவது என்று உறவினர்கள் கூடிப் பேசியிருக்கிறார்கள். கீழே தண்ணீர்ப் பந்தல், சுவரில் அக்காவின் படம். அடியில் குழாய் வைத்துவிட்டால் தண்ணீர் போய்விடும் என்று அண்ணன் வரைபடமே போட்டுவிட்டார். இதில் எவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அக்காவின் பாடையை முன்னால் நின்று தூக்கியவர் அண்ணன். அவர் அழுததை நான் பார்த்தேன். அவருடைய தமக்கைக்கு ஊரில் ஒரு பெயர் நிற்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

நான் பல நாட்கள் யோசித்தேன். மூத்தவர் சொல்லுக்குக் குறுக்கே நிற்பது சரியா? இறந்தவருக்கு மரியாதை செய்வதைத் தடுத்தேன் என்ற பழி வராதா? குழாய் வைத்தால் உண்மையிலேயே போதுமோ? என் பயம்தான் பெரிதாகப் பேசுகிறதோ? என் மகள் சந்தில் அந்தத் தூளிக் குழாயைப் பிடித்துக்கொண்டு தொங்கி விளையாடுகிறாள். இந்த ஆண்டு பள்ளிக்குப் போகப் போகிறாள். அவளுடைய தூளி அதில் ஆடியது என்று சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறாள். அவளைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன். அந்த அறையும் ஆசையில் கட்டியதுதான். அதை விட அன்பாக யாரும் ஓர் அறை கட்டியிருக்க முடியாது. தண்ணீருக்கு அது தெரியவில்லை. அக்காவின் படத்தை மாட்டினாலும் சுவர் சுவர்தான். குழாயில் ஒரு கருவேல மரம் வந்து அடைத்துக்கொண்டால், பின்தெருவில் யார் வீட்டுக் கட்டில் காலில் தண்ணீர் ஏறும் என்று நமக்குத் தெரியும்.

ஆகவே மண்டபம் வேண்டாம். சந்து சந்தாகவே இருக்கும். வீடு என் பெயரில் இருக்கிறது, இது என் முடிவு. இதற்காக என்மேல் வருத்தப்படுகிறவர்கள் வருத்தப்படலாம். அக்காவின் மேல் வருத்தப்பட்டவர்களும் பின்னால் அந்தச் சந்து வழியாகத்தான் நடந்தார்கள்.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் இதை அண்ணனிடம் படித்துக் காட்டினேன்.  அவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் நிமிர்ந்து பார்த்தார். பிறகு, “எல்லாம் எழுதன. ஒண்ண வுட்டுட்ட,” என்றார். நான் பயந்துவிட்டேன்.

“கடசீல நானும் எறங்கிக் கல்லு பேத்தேன். அதையும் எழுது.”

உண்மைதான். மாடியிலிருந்து பார்த்தேன். பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, அக்காவைத் திட்டிக்கொண்டே, அவருக்குப் பக்கத்தில் நின்று கல் பெயர்த்தார். எழுதிவிட்டேன் அண்ணா. வரைபடத்தை அவர் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். 

அக்காவின் நோய்க்காலத்தில் உடன் இருந்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், விடுப்பு எடுத்து மாறி மாறி வந்து தங்கிய கம்பெனித் தோழிகளுக்கும், எந்த நேரமும் வண்டி எடுத்த பாய்க்கும், என் மகளைத் தம் பேத்திபோலப் பார்த்துக்கொண்ட பாய் வீட்டம்மாவுக்கும், அரக்கோணத்தில் தனியாக இருந்து வேலைக்குப் போய்க்கொண்டே என்னை இங்கே இருக்கவிட்ட என் கணவருக்கும், எல்லாக் காரியங்களையும் முன்நின்று செய்த அண்ணனுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சாவு நடந்த வீடு என்பதால் போன ஆடியில் நாங்கள் தட்டு எடுக்கவில்லை. எங்களுக்காக அதை எடுத்து நடந்த ஜெயசீலி அக்காவுக்குத் தனியாக நன்றி.

இந்த ஆடியில் தட்டை நான் எடுக்கிறேன். அதே பித்தளைத் தட்டு. எனக்குப் பேசத் தெரியாது, உட்காரத் தெரியும். எந்த வாசலில் அது நிற்கிறதோ அங்கே உட்காருவேன். உறவினர்கள் வீடுகளும் அந்த வழியில் இருக்கின்றன, இப்போதே சொல்லிவிடுகிறேன். எங்கள் வாசலில் அது ஒருமுறை நின்றது. இனி நிற்காது.